வட்ட ஆற்றின் முழங்கை

சென்ற ஐப்பசியில் ஒரு பெண் இன்ஜினீயர் என் வீட்டுக்கு வந்தார். சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியைத் திறந்து, பறக்கும் கருவி ஒன்றால் மேலேயிருந்து எடுத்த படத்தைக் காட்டினார். நன்னிலத்துக்குப் பக்கத்தில் நாங்கள் கட்டிய கேளிக்கைப் பூங்கா. ராட்டினம், சறுக்குகள், இவற்றைச் சுற்றி முட்டை வடிவத்தில் நீலமாக ஓர் ஆறு. முட்டையின் வடகிழக்குப் பக்கம் மட்டும், யாரோ கட்டைவிரலால் அழுத்தியது போல உள்ளே மடங்கியிருந்தது.

"சார், இந்த முழங்கை எந்த டிராயிங்லயும் இல்ல. அப்ப சைட்டைப் பாத்துக்கிட்டது நீங்கதான்னு சொன்னாங்க. இது ஏன் இப்படி இருக்கு?"

தெரியவில்லை என்றேன். அவர் சிரித்தார். கிழவர் எதையோ மறைக்கிறார் என்று நினைத்திருக்கலாம். நான் மறைக்கவில்லை. அந்த முழங்கைக்கு முளை அடித்தவன் நான், சுண்ணாம்புக் கோடு போட்டவன் நான், கான்கிரீட் போடும்போது பக்கத்தில் நின்றவன் நான். ஏன் என்று மட்டும் எனக்கு அன்றைக்கும் புரியவில்லை, இன்றைக்கும் புரியவில்லை.

எங்கள் ஓய்வுபெற்ற ஓவர்சியர்கள் சங்கத்தின் மலருக்கு 'மாவட்டத்தின் முதல் கேளிக்கைப் பூங்காவைக் கட்டிய அனுபவம்' என்று எழுதித் தரச் சொல்லி மூன்று முறை ஆள் அனுப்பிவிட்டார்கள். இதுவரை தட்டிக்கழித்தேன். அந்தப் பெண் வந்த காரியம் இப்போது வேறு விதமாக முடிந்து, பூங்காவின் தெற்குப் பக்கத்தில் புதிய குளத்துக்குக் கான்கிரீட்டும் காய்ந்துவிட்டது. இனி எழுதினால் யாருக்கும் கெடுதல் இல்லை. அவர் பெயரை நிவேதா என்று வைத்துக்கொள்கிறேன். அது அவர் பெயர் இல்லை.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தஞ்சாவூரில் சிவில் டிப்ளமோ. பிறகு ஒரு காண்டிராக்டரிடம் சிறு பாலங்கள், மதகுகள், இரண்டு நெல் கிடங்குகள். கட்டிய பாலங்கள் பத்தொன்பது. அதில் பதினேழு இன்னும் நிற்கின்றன. மற்ற இரண்டையும் சாலையை அகலப்படுத்துகிறோம் என்று இடித்தார்கள், தாமாக விழவில்லை. அதற்குப் பின் ஒரு அரிசி ஆலை முதலாளியிடம் சேர்ந்தேன். அவருக்குக் களம், புகைபோக்கி, சுற்றுச்சுவர் என்று வேலை இருந்துகொண்டே இருக்கும்.

முதலாளி சிங்கப்பூர் போய்விட்டு வந்தபோது கையில் ஒரு வீடியோ கேசட் கொண்டுவந்தார். ஆலைக் கிடங்கில் மூட்டைகளுக்கு நடுவே டிவியை வைத்து எல்லோருக்கும் போட்டுக் காட்டினார். மண்வேலைக்காரர்களையும் கூப்பிட்டிருந்தார். படத்தில் வெள்ளைக்காரர்களும் சீனர்களும் டயர் மாதிரியான மிதவைகளில் படுத்துக்கொண்டு ஓர் ஆற்றில் மெதுவாகப் போனார்கள். எங்கள் பக்கத்தில் யாரும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ராட்டினம் என்றால் திருவிழாவுக்கு வரும், திருவிழா முடிந்தால் லாரியில் ஏறிப் போய்விடும். அது ஓரிடத்திலேயே நின்றுகொண்டு ஆட்களை வரச் சொல்லும் என்பதே எங்களுக்குப் புதிது.

மண்வேலைக் கோஷ்டியின் தலைவர் மாரிமுத்து, கேசட் ஓடும்போதே கேட்டார்.

"இவங்கள்லாம் எங்க போறாங்க மொதலாளி?"

"எங்கயும் போகல. சுத்தி ஏறுன எடத்துக்கே வந்துருவாங்க."

"அப்ப எதுக்கு ஏறுனாங்க?"

கிடங்கு முழுக்கச் சிரித்தது. முதலாளியும் சிரித்தார். 

பூங்காவுக்கு முப்பத்தெட்டு ஏக்கர் வாங்கினார். ஒரு காலத்தில் பெரிய மிராசு குடும்பத்தின் நிலம். கூலித் தகராறு, குத்தகைப் பதிவு, நில உச்சவரம்புச் சட்டம் என்று நாற்பது வருஷம் இழுபட்டு, அந்தக் குடும்பம் சென்னைக்குப் போய், நிலம் துண்டு துண்டாகப் பலர் கைக்கு வந்திருந்தது. அந்தத் துண்டுகளை முதலாளி ஒன்றொன்றாகச் சேர்த்தார். வாசலில் ஆளும்கட்சிக் கொடி ஒன்று, ஆட்சி மாறினால் ஏற்ற மற்றக் கட்சிக்கொடிக்கு வெற்றுக் கம்பம் ஒன்று, தெருமுனையில் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் செங்கொடி ஒன்று. வேலை தொடங்குமுன் அங்கே நடப்பட்டவை இந்த மூன்றும்தான்.

வேலையை நடத்த முதலாளி கொண்டுவந்தவர் ராஜமாணிக்கம் சார். பொதுப்பணித் துறையில் பாசனப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் சீஃப் என்போம். எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, கறுப்புக் குடை, கையில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில். வெயிலோ மழையோ குடையை விரித்து நான் பார்த்ததில்லை. அதன் முனையால் மண்ணைக் குத்திப் பார்ப்பார், அவ்வளவுதான்.

அவருக்கு ஒரு பழக்கம். எந்த உத்தரவு கொடுத்தாலும், "சொல்லு, என்ன செய்யப் போறே?" என்று கேட்பார். அவர் சொன்னதை நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். வார்த்தை மாறினால் மறுபடி சொல்லச் சொல்வார். ஒரு முறை ஜல்லி அளவை நான் நான்கு தடவை திருப்பிச் சொன்னேன். டீக்கடைக்காரர்கூட அவரிடம், "ரெண்டு டீ, ஒண்ணு சீனி இல்லாம, சார்" என்று ஒப்புவித்துவிட்டுத்தான் அடுப்புக்குத் திரும்புவார்.

அவர் ஊர் திருக்காட்டுப்பள்ளி. அப்பா பெரிய நிலக்காரர். குத்தகைதாரர்கள் பதிவு செய்துகொண்டதில் பாதி போயிற்று, உச்சவரம்பில் மீதி போயிற்று. மதியச் சாப்பாட்டின்போது இந்தப் பேச்சு வராத நாள் குறைவு. மோர்சாதத்துக்கு வரும்போது, "பதிவுக்காரப் பசங்க எங்கப்பாவைக் கொன்னுட்டாங்க" என்பார். கொல்லவில்லை, அவர் அப்பா தொண்ணூறு வயது வரை இருந்தார் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆனாலும் அப்படித்தான் சொல்வார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் குழப்பம் முழுக்க இதில்தான் இருக்கிறது.

பூங்காவின் வடகிழக்கு மூலையை ஒரு வயல் வாய்க்கால் வெட்டிக்கொண்டு போனது. நாலடி அகலம். அது போய்ச் சேரும் கடைசி வயல் கோவிந்தம்மாளுடையது. ஒன்றரை ஏக்கர். அவர் மாமனார் அந்தப் பழைய மிராசுக்குப் பண்ணையாள். கணவர் அதே நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து, தன் பேருக்குப் பதிவு வாங்குவதற்காக இரண்டு முறை ஜெயிலுக்குப் போனவர். கணவர் இறந்த பிறகு, நில உரிமையும் அந்த அம்மாள் பேருக்கே வந்திருந்தது. முதலாளி அந்த நிலத்தையும் விலைக்குக் கேட்டார். அவர் தரவில்லை. அதை முதலாளி பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாய்க்கால்தான் பிரச்சினை.

சிங்கப்பூர் படத்தில் இருந்த முட்டை வடிவம் கொஞ்சமும் மாறாமல் வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. அப்படி வைத்தால் ஆறு அந்த மூலையில் வாய்க்காலைத் தாண்டி அந்தப் பக்கம் போய்த் திரும்ப வேண்டும். நடுவில் அகப்படும் வாய்க்காலைத் தூர்த்துவிட்டு, ஆற்றுக்கு அடியில் குழாய் போட்டுத் தண்ணீரைக் கோவிந்தம்மாளுக்கு அனுப்பிவிடலாம் என்றார்கள். கேட்க நியாயமாகவே இருந்தது. நான்தான் குழாயின் குறுக்களவைக் கணக்குப் போட்டேன். தாராளமாகவே போட்டிருந்தேன்.

தாசில்தார் அலுவலகத்தில் பேச்சுவார்த்தை நடந்தது. இரண்டு கட்சியிலிருந்தும் ஆட்கள், செங்கொடிச் சங்கத்துக்காரர், முதலாளி, சீஃப், நான். எல்லோருக்கும் நாற்காலி இருந்தது. கோவிந்தம்மாள் நின்றுகொண்டிருந்தார். யாரோ எழுந்து இடம் கொடுத்தபோதும் உட்காரவில்லை. ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, காலில் சேறு காய்ந்த வெள்ளை.

"தண்ணிதானேம்மா ஒனக்கு வேணும்? கொழாயில வருது," என்றார் முதலாளி.

"வருதா வரலையான்னு நான் எப்படிங்க பாக்குறது?"

"அந்தப் பக்கம் வெளிய வரும்ல, அங்க பாத்துக்க."

"வரலைன்னா?"

"வரலைன்னா எங்ககிட்ட சொல்லு. ஆள் விட்டு அடைப்பு எடுத்துத் தர்றோம்."

"இப்ப வரலைன்னா மம்பட்டிய எடுத்துக்கிட்டு நானே போறேன். எங்க மடங்குது, எவன் மறிச்சான்னு கண்ணால பாக்குறேன். கொழாயப் போட்டுட்டா, ஒங்க கேட்டுல வந்து நின்னு, ஐயா ஐயான்னு கூப்புடணும். அதுக்குத்தான் எங்க வூட்டுக்காரரு ரெண்டு தடவ உள்ள போனாரா?"

திறந்த வாய்க்காலாகவே விட்டால் என்ன என்று சங்கத்துக்காரர் கேட்டார். பூங்காவுக்குள் சேற்றுத் தண்ணீர் ஓடுவதையும் மண்வெட்டியோடு ஆட்கள் நடப்பதையும் பார்க்கவா ஜனங்கள் வருவார்கள் என்றார் முதலாளி. இதற்கிடையில் கட்சிக்காரர்கள் இருவரும் யார் ஆட்சியில் அந்த வாய்க்கால் தூர்வாரப்பட்டது என்று சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள். தாசில்தார் கோப்பை மூடினார். இன்னொரு நாள் பார்க்கலாம் என்றார்.

வெளியே வந்தபோது சீஃப் அந்த அம்மாளைப் பார்த்து, "ஏம்மா, கொஞ்சம் விட்டா வானத்தையும் பதிவு பண்ணிக்குவீங்க போல" என்றார். அவர், "பண்ணித்தாங்களேன், மழையாவது வரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சீஃப் குடையின் முனையால் தார்ச்சாலையைக் குத்திக்கொண்டு நின்றார். அவருக்குக் கோபம் என்றுதான் நினைத்தேன். இப்போது அதுவும் நிச்சயமில்லை.

பேச்சு முடியாததால், வாய்க்கால் ஓரம் வரை மட்டும் தோண்டுவது என்று முடிவாயிற்று. வாய்க்காலைத் தாண்டவேண்டிய பகுதியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

இங்கேதான் அந்தத் தவறு நடந்தது. அதை விளக்கியாக வேண்டும். வட்டமாகச் சுற்றும் ஆற்றுக்குத் தரை மட்டமாக இருக்க வேண்டும். தண்ணீரைப் பம்பு தள்ளும்; சரிவு தள்ளாது. நான் லெவல் கருவி வைத்து, சுற்றிலும் இருநூற்றுப் பதினான்கு முளை அடித்தேன். எல்லா முளையின் தலையும் ஒரே மட்டம். ஒவ்வொரு தலையிலிருந்தும் நாலரை அடி ஆழம் தோண்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை. மாரிமுத்துவிடம் சொன்னேன். சீஃப் முன்னிலையில் அவர் அதைத் திருப்பியும் சொன்னார்.

ஆனால் மாரிமுத்துவின் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக வாய்க்கால் வெட்டியவர்கள். முதலில் அவர்கள் கேட்டது, "தலைப்பு எங்க?" என்று. எந்த வாய்க்காலையும் தண்ணீர் நுழையும் இடத்திலிருந்துதான் வெட்ட ஆரம்பிப்பார்கள். இதற்குத் தலைப்பு கிடையாது, கடைமடையும் கிடையாது, எங்கே வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம் என்றேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பழைய வாய்க்கால் ஓரத்திலிருந்து ஆரம்பித்தார்கள், ஏனென்றால் தண்ணீர் அங்கேதான் இருந்தது. கொஞ்சம் தோண்டியதும் வாய்க்காலிலிருந்து ஒரு கீற்றுத் தண்ணீர் விட்டு, அது பின்னாலேயே வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போனார்கள். தண்ணீர் வர வேண்டும் என்றால் வாட்டம், அதாவது லேசான சரிவு, கொடுக்க வேண்டும். கொடுத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு, கை தானாகச் செய்யும் அளவு. என் முளைகள் ஓரமாக நின்றுகொண்டிருந்தன.

சுற்றி வந்து வாய்க்கால் ஓரத்தை மறுபடி அவர்கள் தொட்டபோது, தொடங்கிய முனையைவிட முடிந்த முனை முக்கால் அடி ஆழமாக இருந்தது. ஓர் ஆறு தன் தலைப்புக்கே திரும்பி வந்து, அதைவிட முக்கால் அடி கீழே நின்றது. என் சர்வீஸில் நான் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

நான் மூன்று முறை லெவல் எடுத்தேன். ஒரு வேளை நான்தான் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று கருவியை மாற்றி நான்காவது முறையும் எடுத்தேன். முக்கால் அடி. மாரிமுத்து தலையைச் சொறிந்துகொண்டு, "தண்ணி நல்லா ஓடிச்சே சார்" என்றார். அது உண்மை. தண்ணீர் ஓடி வந்து கடைசி முனையில் குட்டையாக நின்றுகொண்டிருந்தது, அதில் இரண்டு கொக்குகள்.

சரிசெய்வது பெரிய காரியமில்லை. கான்கிரீட் இன்னும் போடவில்லை. ஆழமான பகுதியில் கிராவல் கொட்டி இறுக்கினால் போதும். இதைச் சீஃபிடம் சொல்லத் தயாராக இருந்தேன். அதற்குள் முதலாளியின் கார் வந்துவிட்டது. இரண்டு முனைகளையும் பார்த்ததும் அவர் முகம் சிவந்தது. மந்திரி ஒருவரைத் திறப்பு விழாவுக்கு அழைத்திருந்தார்.

"சார், இந்த ஆளுங்களை இன்னைக்கே அனுப்பிருங்க. வேற கோஷ்டி கொண்டாரேன். அப்படியே அந்த வாய்க்காலையும் தூத்துருங்க. வர்றது வரட்டும்."

மாரிமுத்துவின் ஆட்கள் முப்பத்தோரு பேர். எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் கோவிந்தம்மாள் தெருக்காரர்கள். வாய்க்காலின் அந்தப் பக்கக் கரையில் கோவிந்தம்மாளே இருந்தார், மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு. தூர்ப்பதென்றால் என் மேல்தான் முதல் கூடை மண் விழ வேண்டும் என்பது போல நின்றார். 

சீஃப் பள்ளத்தில் இறங்கினார். அந்த வயதில் அவர் இறங்குவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆழமான முனையில் குடையால் ஐந்தாறு இடம் குத்தினார். ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டினார், முகர்ந்தார், போட்டார். மேலே ஏறி வந்து முதலாளியிடம் சொன்னார்:

"ஆளுங்க மேல தப்பு இல்லைங்க. அங்க மண்ணு சரியில்ல. எறங்கியிருக்கு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மண் இறங்கவில்லை. தோண்டியதால் ஆழமாக இருந்தது. அதோடு, வேலை தொடங்குமுன் மண்ணைப் பார்ப்பதற்காக நான் பதினோரு குழி தோண்டியிருந்தேன், அதில் இரண்டு அந்த மூலையில். எல்லாவற்றிலும் ஒரே கறுப்புக் களிமண். கோடையில் வெடிக்கும், மழையில் ஊதும். ஆனால் அந்த மூலைக்கென்று தனியாக ஒரு குற்றமும் கிடையாது.

"சார், பதினோரு குழியிலயும்..." என்று ஆரம்பித்தேன்.

"பன்னெண்டாவது தோண்டுனியா?"

"இல்ல சார்."

"அப்ப? மொதலாளிகிட்ட சொல்லு, அங்க என்ன?"

அவர் கேட்டால் திருப்பிச் சொல்லித்தான் பழக்கம். வாய் தானாகச் சொன்னது: "அங்க மண்ணு சரியில்ல. எறங்கியிருக்கு."

முதலாளி உடனே நம்பினார். அதில் ஆச்சரியமில்லை. அவர் ஆலையின் முதல் புகைபோக்கி களிமண்ணில் சாய்ந்துபோய், அதை இறக்கிவிட்டு மறுபடி கட்டினார்கள். மண் இறங்குகிறது என்ற சொல் அவருக்குப் பேய் மாதிரி. "அப்ப ஆத்தை என்ன பண்றது?" என்று கேட்டார். குரலே இறங்கிவிட்டது.

சீஃப் என் கையிலிருந்த வரைபடத்தை வாங்கி, மாரிமுத்துவின் முதுகில் வைத்துச் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போட்டார். வாய்க்காலைத் தாண்டாமல், அதன் உள்பக்கமாகவே இரண்டு முனைகளையும் இணைக்கும் கோடு. முட்டை அங்கே மடங்கியது. சுற்றுச்சுவரும் அதை ஒட்டி உள்ளே வந்தது. வாய்க்கால் சுவருக்கு வெளியே, திறந்தபடி, பழைய இடத்திலேயே நின்றது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கமிருந்த மூன்று மா, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர் துண்டை முதலாளி அப்படியே விட்டுவிட்டார்.

அன்று சாயங்காலம் சீஃபிடம் தனியாகக் கேட்டேன், கிராவல் போட்டால் ஒரே நாளில் சரியாகிவிடுமே சார் என்று. "நாளைக்கு முளை எங்க அடிக்கப் போறே? சொல்லு" என்றார். சொன்னேன். குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

ஆழமான முனையைக் கிராவலால் மட்டம் பண்ணிக் கான்கிரீட் போட்டோம்; திறப்பு விழாவும் நடந்தது. அந்த ஆண்டு மேட்டூரிலிருந்து தண்ணீர் பிந்தித்தான் வந்தது. வயல்கள் காத்துக்கொண்டிருக்க, நாங்கள் ஆழ்குழாய்த் தண்ணீரை நிரப்பி ஆற்றைச் சுற்றவிட்டோம். மந்திரி மிதவையில் ஏறவில்லை, மாலையோடு கரையில் நின்று கையசைத்தார். முதல் மிதவையில் ஏறியவர் மாரிமுத்து. ஒரு சுற்று வந்து இறங்கி, "ஏறுன எடந்தான் சார்" என்றார், யாரோ அவரை ஏமாற்றியதைப் போல.

கோவிந்தம்மாளின் வாய்க்காலுக்கும் தண்ணீர் வந்தது. அதற்கான காரணம் பற்றி ஊரில் ஐந்து பேச்சு. சங்கத்துக்காரர், எங்கள் போராட்டத்துக்கு நிர்வாகம் பணிந்தது என்றார். ஒரு கட்சி, எங்கள் வட்டச் செயலாளர் பேசி முடித்தார் என்று சுவரொட்டி ஒட்டியது. மற்றக் கட்சி அதன்மேலேயே தங்கள் சுவரொட்டியை ஒட்டியது. முதலாளி மண் என்றார். கோவிந்தம்மாள், நான் நின்றேன், அவர்கள் ஒதுங்கினார்கள் என்றார். ஒருவர்கூட சீஃப் பேரைச் சொல்லவில்லை. அவரும் அடுத்த நாள் மோர்சாதத்தின்போது, "பதிவுக்காரப் பசங்க எங்கப்பாவை..." என்று ஆரம்பித்தார்.

அந்த அம்மாளுக்காகச் செய்தாரா? அவரை அந்த அளவுக்கு வெறுத்தவர் ஏன் செய்ய வேண்டும்? மாரிமுத்துவின் ஆட்களுக்காகவா? முப்பத்தோரு பேரில் ஒருவர் பேர்கூட அவருக்குத் தெரியாது. பாசனத் துறையில் வாழ்நாளெல்லாம் இருந்தவருக்கு ஓடும் வாய்க்காலைத் தூர்க்கக் கை வரவில்லையா? அல்லது உண்மையிலேயே மண் கெட்டது என்று அவர் விரல்களுக்குத் தெரிந்ததா? பல வருஷம் கழித்து ஒரு பெருமழையில் அந்த முழங்கைச் சுவரில் இரண்டு விரிசல் விட்டது. பார்த்தாயா, சீஃப் சொன்னது சரிதான் என்று ஒரு நாள் முழுக்க எனக்கு நிம்மதி. மறுநாள் சுற்றுச்சுவர் முழுவதையும் நடந்து பார்த்தேன். மொத்தம் பதினேழு விரிசல்.

அவர் படுக்கையில் இருந்தபோது திருக்காட்டுப்பள்ளிக்குப் போய்ப் பார்த்தேன். முழங்கையைப் பற்றிக் கேட்டேன். "நிக்குதா?" என்று கேட்டார். நிற்கிறது சார் என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். அதோடு சரி.

இப்போது நிவேதாவுக்கு வருகிறேன். பூங்கா கைமாறிவிட்டது. புதிய நிர்வாகத்துக்கு அலையடிக்கும் குளம் ஒன்று வேண்டும். முழங்கையை நிமிர்த்தி, அந்த மூலையில் அதை வைப்பதாக ஒரு திட்டம். தெற்குப் பக்கத்தில் வைப்பதாக இன்னொரு திட்டம். நிவேதாவின் அறிக்கையைப் பார்த்துவிட்டுத் தீர்மானிப்பார்கள். என் கதையையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வாங்க சார், எடத்துல போய்ப் பாத்துருவோம்" என்று தன் காரிலேயே கூட்டிக்கொண்டு போனார்.

சுவருக்கு வெளியே வாய்க்கால் அப்படியே இருந்தது. தூர்வாரிப் போட்ட சேறு கரையில் இன்னும் ஈரமாக இருந்தது. வயலில் சம்பா நடவுப் பயிர் ஒரு சாண் நின்றது. கோவிந்தம்மாள் இப்போது இல்லை. அவர் மகன் செல்வம் முழங்கால் சேற்றோடு வரப்பில் ஏறி வந்தார். தாலுகா அலுவலகத்தில் வேலை பார்க்கிறார், சனி ஞாயிறில் வயல். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார்.

"எங்கம்மா சாவுற வரைக்கும் ஒங்க பெரிய சாரைத் திட்டிக்கிட்டே இருந்துச்சு சார்."

"ஏன்ப்பா? வாய்க்கால விட்டுட்டாரேப்பா."

"அவரு எங்க விட்டாரு? அது எங்கம்மா நின்னு வாங்குனது. நல்ல மண்ணைப் போயி மோசமுன்னுட்டாருன்னுதான் கோவம். பத்து ஊருக்கு வெத நெல்லு குடுத்த மண்ணு சார் இது. அதை எறங்குது, சரியில்லன்னா?"

 இத்தனை வருஷத்தில் இந்த ஆறாவது பேச்சு என் கணக்கில் வரவேயில்லை.

நிவேதா படத்தை விரித்து அவருக்கு விளக்கினார். ஒளிக்கவில்லை, நேராகவே சொன்னார். "சுவர் இதுவரைக்கும் வரலாம். உங்க தண்ணிக்குப் பெரிய பைப்பாப் போட்டுத் தரச் சொல்லி எழுதுறேன். நல்ல ஃப்ளோ இருக்கும்."

"பைப்பா?" என்றார் செல்வம். தாசில்தார் அலுவலகத்தில் கேட்ட அதே குரல். "உள்ள தண்ணி வருதா வரலையான்னு நான் எப்படி மேடம் பாக்குறது?"

நிவேதா வாய்க்காலைப் பார்த்தார். மதகுப் பக்கமிருந்து மெல்ல வந்துகொண்டிருந்த தண்ணீரில் ஒரு தென்னை ஓலைக் கீற்று மிதந்து வந்து, கரையில் தட்டி, திரும்பி, போயிற்று. நான் அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம். பழக்கம் விடவில்லை.

"நிவேதா, இந்தப் பக்கம் மண்ணைச் சோதிக்க எத்தனை போர் போட்டீங்க?"

"நாலு சார். எல்லாம் நல்லா வந்திருக்கு. ஒரே மாதிரி களிமண்தான்."

"அஞ்சாவது?"

அவர் என்னைப் பார்த்தார். நான் சொன்ன கதையில் பன்னிரண்டாவது குழி இருந்ததே, அது அவருக்கு மறந்திருக்காது.

"நீங்க அதை நம்புறீங்களா சார்?"

"தெரியலம்மா." அது பொய்யில்லை. "ரிப்போர்ட்ல என்ன எழுதப் போறீங்க? சொல்லுங்க."

விரித்த படத்தை மடித்தார். பிறகு சிரிக்காமல், நிதானமாக, வாய்விட்டுச் சொன்னார்: "அந்த மூலையில மண்ணு சரியில்ல. கனமான கட்டுமானத்துக்கு ஏத்த எடம் இல்ல."

செல்வம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்களுமா சார்? எங்கேருந்துதான் வர்றீங்களோ, எங்க மண்ணைக் குறை சொல்றதுக்குன்னே."

மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்காலில் இறங்கினார். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்து, மடையில் அடைத்திருந்த சேற்றை இரண்டு வெட்டு வெட்டி இழுத்துப் போட்டார். தண்ணீர் அவர் வயலுக்குள் போயிற்று.